ஐந்தாம் தடவை அழைக்க நான் போகமாட்டேன்

அன்புள்ள இளங்கோவுக்கு,

நேற்று சாயங்காலம் நீ போனில் போட்ட சத்தம் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "இன்னொரு வாட்டி போயி மாமாவ கூப்ட்டுட்டு வந்தா இன்னாப்பா கொறஞ்சிடும்?" என்று கேட்டாய். கேட்ட அந்த நேரம் இரண்டு பேரும் ஒன்றையேதான் நினைத்திருப்போம். முப்பது வருஷமாக இந்த வீட்டில் என்னைப் பார்த்து எல்லோரும் சொல்லிவந்தது "இன்னொரு வாட்டி போகாத" என்பதுதான். உன் அம்மா சொன்னாள், நீ சொன்னாய், தெருவில் போகிறவர்கள்கூடச் சொன்னார்கள். நான் கேட்டதே இல்லை. இப்போது நீயும் உன் அம்மாவும் ஒன்றுசேர்ந்து முதன்முதலாக "இன்னொரு தடவை போ" என்கிறீர்கள். நானும் முதன்முதலாக "போகமாட்டேன்" என்கிறேன். நம் குடும்பம் எப்போதும் ஏதாவது ஒரு விஷயத்தில் எதிரும் புதிருமாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை உனக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முன்னால் உன் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவர் உன் தாய்மாமன் தணிகாசலம். அவரோ வெள்ளிமலையில் தன் மளிகைக் கடையில் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்கிறார். காரணம் நான். நான் மறுபடி போய்க் கூப்பிட்டால் வருவார் என்று நீ நினைக்கிறாய். நான் ஏன் போகமாட்டேன் என்பதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒவ்வொரு வரிக்கும் "புரிஞ்சுதா, புரிஞ்சுதா" என்று உன்னைக் கேட்பேன். நீ "புரிஞ்சுதுப்பா" என்பாய். அதை நம்பாமல் நான் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். காகிதத்தில் அந்த வசதி கிடையாது. பத்தாவது வரை படித்தவன் எழுத்து, பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

நான் கண்டக்டராக இருந்தது உனக்குத் தெரியும். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு, அந்த வளைவுகளில், இருபத்தாறு வருஷம். உனக்குத் தெரியாதது, அந்த இருபத்தாறு வருஷமும் நான் பஸ்ஸின் பின்கதவோடு பட்ட பாடு. கதவைச் சாத்துவேன். சாத்தியதைக் கண்ணால் பார்ப்பேன், கையால் தட்டியும் பார்ப்பேன். இரண்டு சீட்டு தாண்டி முன்னால் வருவதற்குள், சாத்தினேனா என்று சந்தேகம் வந்துவிடும். திரும்பிப் போவேன். சாத்தித்தான் இருக்கும். திரும்பி வருவேன். மறுபடியும் சந்தேகம். டிரைவர் கோவிந்தராசு அண்ணன் கண்ணாடியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் சொன்னார்: "வண்டி ஓட்றது நானு. ஆனா மலைக்கு நீ நடந்தே போய்க்கினு இருக்க." பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய்க் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

கதவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் கல்யாணத்தில் தாலியின் மூன்றாவது முடிச்சைப் போட்டது உன் அத்தை. போட்டாளா இல்லையா என்று அவளிடம் எத்தனை வருஷம் கேட்டேன் தெரியுமா? உனக்குக் காது குத்திய அன்றுகூடக் கேட்டேன். "போட்டன்டா, வேணும்னா இப்ப இன்னொன்னு போடட்டா?" என்றாள். உன் அம்மா கழுத்தைக் கையால் மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். இதையெல்லாம் நான் பொறுப்பு என்றே நினைத்திருந்தேன். ஊரில் மற்றவர்கள் அலட்சியக்காரர்கள், நான் ஒருவன்தான் ஒழுங்கு என்று ஓர் எண்ணம். உன்னிடமும் அப்படித்தான் பெருமை அடித்திருக்கிறேன்.

இது வியாதி என்று கண்டுபிடித்தது உன் அம்மாவின் இரத்த அழுத்த டாக்டர். போன வருஷக் கடைசியில் அவளை அழைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தேன். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா என்று கேட்டேன். பின்னால் என்றார். கதவு வரை போய்த் திரும்பி வந்து கேட்டேன். பின்னால் என்றார். வராந்தாவில் பாதி தூரம் போய்த் திரும்பி வந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஒரு சீட்டை எழுதி, "இது அம்மாவுக்கு இல்லீங்க, உங்களுக்கு" என்று நீட்டினார். மனநலப் பிரிவு என்று போட்டிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அந்தப் பிரிவு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டு, "வாங்க கண்டக்டரே, நீங்களும் இந்த ரூட்டா?" என்றார். நம் பஸ்ஸில் வாரா வாரம் கரியாலூருக்கு வந்தவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது கோபம் பாதி இறங்கிவிட்டது. நீ கேட்டபோதெல்லாம் பி.பி.க்குப் போகிறேன் என்று சொன்னது பொய். ஐந்து மாதமாக அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறேன்.

டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். எனக்கு வந்திருப்பது ஓ.சி.டி., தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்றார். "ஓசியில வந்ததா?" என்று உன் அம்மா கேட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை, நிறையப் பேர் கேட்டிருப்பார்கள் போல. ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் மூளையை வரைந்தார். நெற்றிக்குப் பின்னால், கண்ணுக்கு மேலே ஓர் இடம். ஏதாவது தப்பாக இருந்தால் "சரியில்லை, சரியில்லை" என்று குரல் கொடுப்பது அது. மூளைக்குள் ஆழத்தில் காடேட் என்று இன்னொன்று. வருகிற குரல்களில் எதைக் கவனிப்பது, எதை விட்டுவிடுவது என்று சலித்து அனுப்புவது அதன் வேலை. அதற்கு அருகில் தாலமஸ். அங்கிருந்து சேதி மறுபடி நெற்றிப் பக்கம் போகும். மற்றவர்களுக்கு ஒரு சுற்று வந்ததும் அடங்கிவிடுகிறது. என் போன்றவர்களுக்கு அந்த வட்டம் அடங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். ஸ்கேனில் அந்த இடங்கள் அளவுக்கு மீறி வேலை செய்வதைப் பார்த்திருக்கிறார்களாம். ஆனாலும் தான் வரைந்த படம் போல மூளை அவ்வளவு சுலபம் இல்லை, இன்னும் தெரியாதது நிறைய என்றும் சொன்னார்.

படம் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு என் பாஷையில் நானே சொல்லிப் பார்த்தேன். நெற்றியில் இருப்பது பயணி. "ஐயோ, யாரோ விழுந்துட்டாங்க" என்று கத்துகிறான். உள்ளே இருப்பது கண்டக்டர். ஒரு தடவை எட்டிப் பார்த்து, ஒன்றும் இல்லையென்றால் இரண்டு விசில் கொடுக்க வேண்டும், வண்டி போய்விடும். என் தலைக்குள் இருக்கும் கண்டக்டர், வண்டியை நிறுத்தச் சொல்லும் ஒற்றை விசிலையே ஊதித் தொலைக்கிறான். தாலமஸ் டிரைவர் பிரேக் போடுகிறார். பிரேக் போட்டதைப் பார்த்ததும் பயணிக்குச் சந்தேகம் உறுதியாகிவிடுகிறது, இன்னும் பலமாகக் கத்துகிறான். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு, இதை நான் மற்றவர்களுக்கும் சொல்லலாமா என்று கேட்டார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் என்னை ஒருவர் பாராட்டியது அன்றுதான்.

எனக்கு மறதி என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது இல்லை என்றார். "ஐயா, கதவு சாத்தினது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதுங்கற திருப்திதான் வரமாட்டேங்குது" என்றார். அது மட்டுமல்ல, திரும்பத் திரும்பப் பார்த்தால் திருப்தி வருவதற்குப் பதில், பார்த்த ஞாபகமே மங்கிப்போகுமாம். எது இந்தத் தடவை பார்த்தது, எது போன தடவை பார்த்தது என்று ஒன்றோடொன்று குழம்பிவிடுமாம். அவர் அதைச் சொன்னபோது எனக்கு உன் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைதான் ஞாபகம் வந்தது. அதை இப்போது சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் இருந்தால் கம்பியைப் பிடித்துக்கொள்.

கணக்குப் பரீட்சை அன்று காலை உன் பையில் ஹால் டிக்கெட் இருக்கிறதா என்று நான் பார்த்தேன். இருந்தது. நீ குளிக்கப் போனபோது இன்னொரு தடவை பார்த்தேன். நீ சாப்பிடும்போது ஒரு தடவை. கடைசியாகப் பார்த்தபோது கோவிந்தராசு அண்ணன் வாசலில் கூப்பிட்டார், கையில் இருந்ததைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஓடினேன். வெள்ளிமலையில் டீக்கடையில் சில்லறைக்குப் பையைத் துழாவியபோது உன் போட்டோ என்னைப் பார்த்தது. நீ அங்கே பள்ளிக்கூடத்தில் ஆபீஸுக்கும் ஹாலுக்கும் ஓடி, அவர்கள் வேறு பிரதி எடுத்துக் கொடுத்து, அரைமணி நேரம் கழித்து உட்கார்ந்திருக்கிறாய். அன்று சாயங்காலம் நான் செய்த காரியம்தான் பெரிது. அந்த ஹால் டிக்கெட்டை உன் வேதியியல் புத்தகத்துக்குள் செருகி வைத்தேன். உன் அம்மா கண்டெடுத்து உன்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். நானும் பக்கத்தில் நின்று, "பொறுப்பு வேணும்டா" என்றேன். பத்து வருஷமாக நீ உன்னை ஞாபக மறதிக்காரன் என்று சொல்லிக்கொள்கிறாய். நீ மறக்கவில்லை. எடுத்தது நான், ஒளித்ததும் நான். கல்யாணத்துக்கு முன்னால் இது உனக்குத் தெரிய வேண்டும்.

வைத்தியம் இரண்டு வகை. ஒன்று மாத்திரை. மூளையில் செரட்டோனின் என்று ஒன்று உண்டாம், அது சம்பந்தப்பட்டது. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற அதே வகைதான், இந்த வியாதிக்குப் பெரும்பாலும் அளவு ஜாஸ்தி, பலன் தெரிய பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகும் என்றார். நான் மூன்றாம் நாளே போய், வேலை செய்யவில்லையே என்று நின்றேன். இன்னொன்று பயிற்சி. எதற்குப் பயப்படுகிறாயோ அதைச் செய்ய வேண்டும், செய்துவிட்டு வழக்கமாகச் செய்யும் சோதனையைச் செய்யக் கூடாது. படபடப்பு ஏறும், ஏறிக்கொண்டே போகாது, தானாக இறங்கும், விடாமல் செய்தால் மூளை புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் என்றார். முதல் பயிற்சி, வீட்டைப் பூட்டியதும் பூட்டை இழுத்துப் பார்க்காமல் டீக்கடைக்குப் போவது. உன் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் பூட்டினேன், போனேன், மூன்று டீ குடித்தேன், நெஞ்சு மோளம் அடித்தது. அப்புறம் மெல்ல அடங்கியது. ஜெயித்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. உண்மையிலேயே பூட்டவில்லை. கூடத்தில் பக்கத்து வீட்டு ஆடு நின்று காலண்டரை மார்ச் மாதம் வரை தின்றிருந்தது. இதைச் சொன்னதும் டாக்டரம்மாவுக்கு ஏக சந்தோஷம். "நீங்க பயந்தது நடந்தே போச்சு. அப்புறம் இன்னா ஆச்சு?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். புதுக் காலண்டர் வாங்கினோம், அவ்வளவுதான்.

உன் அம்மாவுக்கும் பயிற்சி உண்டு. நான் சந்தேகம் கேட்டால் "பூட்டிட்டீங்க, பூட்டிட்டீங்க" என்று சமாதானம் சொல்லக் கூடாது. சொல்லச் சொல்ல வியாதிக்குத் தீனி போட்டது போலாம். "தெரியலையே" என்று மட்டும் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாகப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்தவளுக்கு இது லாட்டரி அடித்த மாதிரி. குழம்பில் உப்புப் போட்டாயா என்றால், தெரியலையே. என் வேட்டி எங்கே என்றால், தெரியலையே. அவள் தம்பி மவன் யாருக்கோ பணம் அனுப்பச் சொன்னானே, அனுப்பியாச்சா என்றால், தெரியலையே என்று சொல்லிவிட்டு சீரியலைச் சத்தமாக வைக்கிறாள்.

இவ்வளவும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. என்னைப் போன்றவன் கையில் பத்திரிகையைக் கொடுப்பது, குடிகாரன் கையில் கடைச் சாவியைக் கொடுப்பது மாதிரி. மற்ற வீடுகளில் எப்படியோ சமாளித்தேன். உன் மாமன் வீட்டில் வழுக்கிவிட்டேன். முதல் தடவை நானும் உன் அம்மாவும் தட்டோடு போனோம். வெற்றிலை பாக்கு, பழம், எல்லாம் முறைப்படி. வரேன் மாமா என்றார். இறங்கி வரும்போது கோமுகி அணை தாண்டுவதற்குள், "முன்னாடியே வந்து நடத்திக் கொடுக்கணும்" என்று சொன்னேனா, வெறும் "வரணும்" என்று நிறுத்திவிட்டேனா என்று உறுத்தியது. உன் அம்மாவைக் கேட்டேன். தெரியலையே என்றாள். இறங்கி எதிர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அவள் வெறும் தட்டோடு தனியாக ஊர் வந்து சேர்ந்தாள். உன் மாமன் அன்று சிரித்தார், டீ கொடுத்தார். இரண்டு நாள் கழித்து, தட்டை இடது கையால் நீட்டினேனோ என்று மூன்றாவது தடவை போனேன். சிரிக்கவில்லை, டீ மட்டும் கொடுத்தார்.

நாலாவது தடவை கொஞ்சம் மூளையை உபயோகித்தேன். அதுதான் நல்ல நிலையில் இல்லை என்பதை மறந்துவிட்டேன். அழைக்க வந்த மாதிரி தெரியக் கூடாது என்று, சாமை அரிசி வாங்க வந்ததாகச் சொல்லி ஐந்து கிலோ வாங்கினேன். வாங்கிக்கொண்டு, போகிற போக்கில், "அப்ப வெள்ளிக்கெழம பாப்பம் மச்சான்" என்றேன். அவர் தராசை அப்படியே வைத்தார். "மாமா, மொதல் வாட்டி கூப்ட்டப்பவே வரன்னு சொன்னன். ரெண்டாவது வாட்டியும் சொன்னன். நீங்க நாலாவது வாட்டி வந்து வேவு பாக்கறீங்க. எம் பேச்சுல நம்பிக்க இல்லாத வூட்ல வந்து நான் பட்டம் கட்டி இன்னா ஆவப் போவுது? வேற யாரனா வச்சி கட்டிக்குங்க" என்றார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். நான் சாமை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து நம் வீட்டில் மூன்று வேளையும் சாமை உப்புமா.

நீ நினைப்பாய், வியாதியைக் காரணமாக வைத்துக்கொண்டு அப்பா ஒதுங்குகிறார் என்று. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. எனக்கு எதில்தான் இல்லை? கோபித்துக்கொண்ட உறவுக்காரரைப் போய் ஒரு தடவை சமாதானப்படுத்துவது எந்த மனிதனும் செய்கிற காரியம்தானே, இதைச் செய்யாமல் இருப்பதுதானே தப்பு என்று டாக்டரம்மாவிடம் சண்டையே போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஐயா, நீங்க அவரைச் சமாதானம் பண்ணப் போறீங்களா, உங்க மனசைச் சமாதானம் பண்ணப் போறீங்களா?" போனால் உன் மாமன் வரேன் என்று சொல்வார். அணை தாண்டுவதற்குள் அந்த "வரேன்" எனக்குப் போதாமல் போய்விடும். ஆறாவது தடவை போவேன். என்னை எனக்குத் தெரியும். நான் கேட்கப் போவது மன்னிப்பு அல்ல, உத்தரவாதம். அதை அவரால் தர முடியாது. யாராலும் தர முடியாது.

அதனால் நீ போ. செவ்வாய்க்கிழமை ஓசூரிலிருந்து வருகிறாய் அல்லவா, புதன் காலை வண்டி ஏறு. யோசித்துப் பார்த்தால், இத்தனை கூத்திலும் மாப்பிள்ளை நீ ஒரு தடவைகூட உன் மாமனை அழைக்கவில்லை. நான்தான் விடவில்லை. எல்லாவற்றையும் நானே செய்தால்தான் சரியாக இருக்கும் என்று உன் பங்கையும் நானே தின்றுவிட்டேன். தட்டெல்லாம் வேண்டாம். என்னைப் பற்றி என்ன சொல்ல வேண்டுமோ சொல். வியாதி என்று சொல்ல வேண்டி வந்தால் அதையும் சொல். கல்யாண நேரத்தில் வெளியே தெரிந்தால் பைத்தியம் என்பார்கள் என்று உன் அம்மா பயப்படுகிறாள். இருபத்தாறு வருஷம் பஸ்ஸுக்குள் நடந்தே மலை ஏறியவனை ஊர் ஏற்கெனவே என்ன நினைத்திருக்கும்? நீ கட்டப்போகிற பெண்ணிடமும் மறைக்காதே. இது குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கு வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதலாம். கட்டாயம் வரும் என்பதில்லை. வந்தாலும் என்னைப்போல முப்பது வருஷம் அதைப் பொறுப்பு என்று பெயர் வைத்து வளர்க்காதே. சீட்டு எடுக்கிற இடம் எனக்குத் தெரியும்.

மாமனை ஒரே ஒரு தடவை அழை. அவர் முகம் எப்படி இருந்தாலும், வந்துவிடு. பிறகு அவர் என்ன சொன்னார் என்று என்னிடம் சொல்லாதே. நான் கேட்பேன். சாப்பிடும்போது கேட்பேன், பந்தல்காரரை வைத்துக்கொண்டு கேட்பேன், உன் அம்மா மூலமாகக் கேட்பேன். வருகிறார் என்று சொன்னாலும் சரி, வரவில்லை என்று சொன்னாலும் சரி, எனக்கு அது தீனிதான். நீ மலைக்குப் போனாயா இல்லையா என்பதைக்கூடச் சொல்லாதே. போகப் பிடிக்கவில்லை என்றால் போகாமலும் இரு. அது உனக்கும் உன் மாமனுக்கும் உள்ளது.

வெள்ளிக்கிழமை காலை நான் வேட்டி கட்டிக்கொண்டு மண்டப வாசலில் நிற்பேன். உன் மாமன் வந்தால் வாங்க மச்சான் என்பேன், ஒரு தடவை. வராவிட்டால் உன் நெற்றியில் பட்டத்தை வேறு யாராவது கட்டுவார்கள், கல்யாணம் நடக்கும், எனக்கு வயிறு எரியும், பிறகு எல்லோரும் சாப்பிடுவோம். என்ன நடக்கும் என்று தெரியாமலே ஓர் இடத்துக்கு நான் போவது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. பயமாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் அப்பா
நைனார்பாளையம்